காரியாலயக் கருவிகளும் சித்திரக் கலையும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற சித்திரக் காட்சியைக் கண்டு மகிழ்ந்த அன்பர் பலர். மலைச்சாரலும், மாலைக்கடலும், கோபுரமும், குழந்தை முகமும் நீர்வண்ணத்தாலும் பென்சிலாலும் அழகுறத் தீட்டப்பெற்று மண்டபத்தின் சுவர்களை அணிசெய்தன. ஆயினும், வாயிலுக்கு அணித்தாய், தூணொன்றின் மறைவிலே தனித்துத் தொங்கிய படமொன்று காண்போரிற் பலரை நகைக்கச் செய்தது; சிலரைச் சினங்கொள்ளச் செய்தது. நின்று நோக்கியவர் மிகச் சிலரே. உண்மையை ஒளியாது கூறுமிடத்து, முதல் நாள் நாமும் நகைத்துக்கொண்டே அதனைக் கடந்து சென்றோம். மறுநாள் மீண்டும் சென்று அதன்முன் நின்றபோது நம் நகைப்பு நம்மையே சுட்டது. அதுபற்றி எழுந்த எண்ணங்களையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அப்படத்தை ஆக்கியவர் வணிகவியல் பயிலும் மாணவி ஒருவர். அதன்கண் தூரிகை தீண்டிய இடம் ஒன்றேனும் இல்லை. பழைய பேரேட்டினின்றும் பிரித்தெடுத்த தாளொன்று. அதன்மேல் தட்டெழுத்துப் பொறியால் அடித்த சொற்கள். கார்பன் காகிதத்தை நகத்தால் தேய்த்து உண்டாக்கிய நிழல். நாள் குறிக்கும் ரப்பர் முத்திரையின் ஊதாத் தடங்கள். தாள்களைப் பிணைக்கும் ஸ்டேப்பிள் கம்பிகள்: இவ்வளவே பொருள்கள். பத்தடி தூரத்தில் நின்று நோக்குமிடத்து, மேசையின்மீது குனிந்து எழுதும் ஒருவரின் உருவம் தோன்றும். அணுகி நோக்குமிடத்து உருவம் மறைந்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்னும் தொடரே ஆயிரம் முறை அடிக்கப்பட்டிருப்பது புலனாகும். தோளும் முதுகும் அத்தொடரே, கையும் அதுவே. முகத்தின் இடம் மட்டும் வெறுமையாய் விடப்பட்டு, அங்கே பேரேட்டின் பற்றுக்கும் வரவுக்கும் உரிய கோடுகள் தெரிந்தன. கம்பிகளை நெருக்கமாய் இறுக்கி நாற்காலியின் முதுகை அமைத்திருந்தார்.

நடுவர்கள் இதனை நீர்வண்ணப் பிரிவிற் சேர்ப்பதா, பென்சிற் பிரிவிற் சேர்ப்பதா என்று தெளியாது போட்டியினின்றும் விலக்கினர். விதிகளில் இதற்கு இடமில்லையாதலின் அவர்களைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆனால் காட்சிக்கு வந்தவர்கள் கூறிய மறுப்புகள் ஆராயத்தக்கவை. அவை மூன்று. பொறியால் அடித்தது கைத்திறனாகுமா என்பது ஒன்று. எழுத்து படிப்பதற்கு உரியதேயன்றிப் பார்ப்பதற்கு உரியதாகுமோ என்பது மற்றொன்று. குப்பைக் கூடைக்கு உரிய பொருள்களை ஒட்டுதல் எவர்க்கும் எளிதன்றோ என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

தட்டெழுத்துப் பொறியாற் படம் ஆக்கும் வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. ரெமிங்டன் நிறுவனத்தார் அப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1874ஆம் ஆண்டில். 1898ஆம் ஆண்டிலேயே ப்ளோரா ஸ்டேசி என்னும் ஆங்கிலப் பெண்மணி அடித்த வண்ணத்துப்பூச்சியின் உருவம் பிட்மன் சுருக்கெழுத்து இதழொன்றில் வெளிவந்தது. பிட்மன் என்னும் பெயரைச் சுருக்கெழுத்துப் பயின்ற நம் பழைய மாணவர் நன்கறிவர். எழுத்துக்களுக்கு இடையே இவ்வளவு இடம், வரிகளுக்கு இடையே இவ்வளவு இடம் என்று வரையறுத்து, எவர் அடித்தாலும் ஒரே தோற்றம் தரவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது அப்பொறி. எழுதுவோரின் கையெழுத்தை மறைத்தலே அதன் பயன். அத்தகைய கருவியைக் கொண்டு தம் மனத்தில் எழுந்த உருவத்தை வெளிப்படுத்துதற்குக் கைத்திறன் குறைவாக வேண்டுமா, மிகுதியாக வேண்டுமா என்பதை அன்பர்கள் எண்ணுக.

முற்றுப்புள்ளியை வரிசையாக அடித்தால் தாள் மெல்லிய சாம்பல் நிறங்கொள்ளும். அகன்ற எழுத்துக்களை நெருக்கி அடித்தால் கருமை மிகும். அடித்த இடத்திலேயே மீண்டும் அடித்தால் இருள் அடர்ந்துவிடும். உருளையின் பிடியைத் தளர்த்தித் தாளைச் சாய்த்துச் செருகினால் சாய்ந்த கோடும், சிறிது சிறிதாகத் திருப்பினால் வளைந்த கோடும் உண்டாகும். ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் அழித்தற்கு இடமில்லை. தாளை மாற்றி முதலிலிருந்தே தொடங்கவேண்டும். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் வேறொரு சிறப்பும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியை அடிக்கும்போது வண்டி நகராது நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அப்புள்ளியின் கீழே வந்து பொருந்தும். யாழ்ப்பாணத்தவராகிய இராமலிங்கம் முத்தையா முதலியோர் நம் எழுத்துக்களைப் பொறியில் அடக்க முயன்றபோது இத்தகைய வழிகள் இன்றியமையாதன ஆயின. ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி உருவம் சமைத்தல் தமிழ்ப் பொறியின் இயல்பிலேயே அமைந்துளது என்க. நம் நாட்டில் தட்டெழுத்துத் தேர்வுக்காக இன்றும் பயிலும் இளைஞர்கள் இதனை நாள்தோறும் செய்கின்றனர். அதனைச் சித்திரத்தின் தொடக்கமென எண்ணுவார் அரியர்.

இத்துறையில் நாம் தலைசிறந்தவராகக் கருதுபவர் ஜெர்மானியப் பெண்மணியாகிய ரூத் வொல்ஃப்-ரேஃபெல்ட். 1932ஆம் ஆண்டில் வுர்ட்சன் என்னும் ஊரிற் பிறந்த இவர் ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர்; காரியாலய வேலைக்குப் பயின்றவர். கிழக்கு பெர்லின் நகரத்துக் கலைக்கழகத்தின் காரியாலயத்திற் பணிபுரிந்தவர். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து, 'எரிகா' என்னும் தட்டெழுத்துப் பொறியால் அலைகளையும், கூண்டுகளையும், கட்டடங்களையும் ஒத்த உருவங்களை அவர் அடித்தார். தாள்களின் இடையே கார்பன் காகிதம் வைத்து ஒரே அடியிற் சில படிகளை எடுத்து, அவற்றைத் தபாலிற் பல நாட்டுக் கலைஞர்க்கும் அனுப்பினார். அந்நாளிற் கிழக்கு ஜெர்மனியின் குடிகள் தம் எல்லையைத் தாண்டிச் செல்லுதல் அரிது. தபால்களை அரசாங்கத்தார் பிரித்துப் படித்தலும் உண்டு. ஆள் செல்லவியலாத இடத்திற்குத் தாள் சென்றது. காரியாலயத்துக் கடிதம் போன்ற எளிய தோற்றமுடைய ஒரு தாளில் அவர் தம் சுதந்திரத்தைப் பொதிந்து அனுப்பினார் என்று கூறுதல் மிகையன்று. 1989ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மதில் வீழ்ந்து, மறு ஆண்டில் நாடு ஒன்றாயிற்று. அதன்பின் அவர் இத்தொழிலை நிறுத்திக்கொண்டார். நெடுநாள் கழித்து 2017ஆம் ஆண்டில் டாக்குமெண்டா என்னும் பெருங்காட்சியில் அவருடைய தாள்கள் வைக்கப்பெற்று உலகறியப் போற்றப்பட்டன. 2024ஆம் ஆண்டில் அவர் காலமானார். பொறியால் அடித்ததில் மனிதரின் கை இல்லை என்பார் அத்தாள்களை ஒருமுறை காண்பாராக.

இனி, எழுத்து படிப்பதற்கே உரியது என்னும் மறுப்பு. இதனைத் தமிழ் மாணவர் கூறுதல் வியப்புக்குரியது. 'எழுதுதல்' என்னும் நம் சொல் கடிதம் வரைதலையும் குறிக்கும். ஓவியம் தீட்டுதலையும் குறிக்கும். கண்ணுக்கு மையிடுதலையும் குறிக்கும். இம்மூன்றையும் ஒரு சொல்லால் வழங்கிய முன்னோர் எழுத்துக்கும் சித்திரத்திற்கும் இடையே மதில் எழுப்பினாரல்லர். தண்டியலங்காரம் கூறும் சொல்லணிகளுள் நாகபந்தம், சக்கரம் முதலியன சித்திரகவிகள். அவற்றின் எழுத்துக்களைப் பாம்பின் உடலிலும் சக்கரத்தின் ஆரங்களிலும் நிரப்பிக் கண்ணாலும் காணவேண்டும், நாவாலும் ஓதவேண்டும். அவை செய்யுள்களே, நாம் பேசும் படத்தோடு முற்றும் ஒப்பன அல்ல. ஆயினும் எழுத்தை உருவமாகக் காணும் கண் நமக்குப் புதியதன்று என்பதற்கு அவை சான்றாகும்.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. கோயம்புத்தூரில் 1911ஆம் ஆண்டிற் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர், குடும்பத்தின் பொருட்டுப் படிப்பை விடுத்துத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். பின்னரே அவர் சென்னை ஓவியப் பள்ளியிற் சேர்ந்தார். காலப்போக்கில் அதன் தலைவருமானார். 1966ஆம் ஆண்டிற் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றுதற்கும் காரணராயினார். வண்ணம் தீட்டுதலிற் புகழெய்திய இவர், 1963ஆம் ஆண்டளவில், 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைத் தொடங்கினார். வணிகவியல் மாணவர் ஒருவரது கணக்கு நோட்டின் பக்கமே அதற்குத் தூண்டுகோலாயிற்று என்பர். எண்களும், கணிதக் குறிகளும், அட்டவணைக் கோடுகளும், எழுத்து வரிசைகளும் அப்படங்களை நிரப்பின. முதலில் ஆங்கில எழுத்துக்களைக் கையாண்டவர், பின்னர் அவை நம் நாட்டு உணர்ச்சியைத் தாரா எனக் கண்டு மலையாள எழுத்துக்களை மேற்கொண்டார். அவற்றைப் படித்துப் பொருள் காண முயல்வார் ஏமாறுவர். ஜாதகக் கட்டத்தையோ பழைய ஏட்டையோ நோக்குவது போல நோக்குவார் இன்புறுவர். வணிகவியல் மாணவரின் கணக்கு நோட்டைப் பேராசான் ஒருவர் சித்திரமாக்கினார். நம் மாணவியோ தம் பேரேட்டைத் தாமே சித்திரமாக்கினார். இதில் நகைத்தற்கு யாதுளது?

மூன்றாம் மறுப்பே வலியது. குப்பையை ஒட்டுதல் எளிதன்றோ என்பது அது. இதற்கு விடை கூறுமுன் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பாரை நினைவுகூர்தல் தகும். ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்தில் 1887ஆம் ஆண்டிற் பிறந்த இவர், முதல் உலகப் போர்க்காலத்தில் இரும்பாலையொன்றிற் பொறிப்படங்கள் வரையும் வேலை பார்த்தவர். போர் முடிந்து நாடு நொறுங்கிக் கிடந்தபோது, டிராம் சீட்டுக்களையும், கிழிந்த உறைகளையும், அச்சுத் துண்டுகளையும் பொறுக்கி, வண்ணமும் கோடும் பொருந்த ஒட்டிப் படங்கள் ஆக்கினார். அவற்றிற்கு அவர் இட்ட பெயர் 'மெர்ஸ்' என்பது. அது வங்கியொன்றின் விளம்பரத் தாளில் 'வாணிகம்' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லைக் கத்தரித்தபோது எஞ்சிய பாதிச் சொல்லாகும். உடைந்தவற்றைக் கொண்டே புதியதை ஆக்கவேண்டும் என்பது அவர் துணிபு. 1937ஆம் ஆண்டில் ஹிட்லரின் அரசாங்கத்தார் மியூனிக் நகரத்தில் 'சீர்கெட்ட கலை' என்னும் பெயரால் ஒரு காட்சி நடத்தினர். மக்கள் கண்டு நகைக்கவேண்டும் என்பதற்காகவே நிறுவப்பட்ட அக்காட்சியில் ஷ்விட்டர்ஸின் படங்களும் இடம்பெற்றன. அவ்வாண்டிலேயே அவர் நாட்டை விட்டு நார்வேக்குச் சென்றார். 1940இல் அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்தார். 1948இல் அங்கேயே மறைந்தார். நம் மண்டபத்து நகைப்பும் மியூனிக் நகரத்து நகைப்பும் ஒன்றெனக் கூறோம். அங்ஙனம் கூறுதல் அநீதி. ஆயினும், விளங்காததைக் கண்டவுடன் நகைத்தல் என்னும் பழக்கம் எவ்வளவு எளிதிற் பிறர் கைக்கருவி ஆகும் என்பதைக் கற்றோராகிய நாம் மறத்தலாகாது.

இனி மறுப்புக்கு நேர்விடை. ஒட்டுதல் எளிதே. கண்ட தாளையெல்லாம் ஒட்டி, கண்ட முத்திரையெல்லாம் குத்தி, 'இது புதுமை' என்பாரும் உளர். அவர்க்காக நாம் வாதாட வந்தோமல்லோம். இத்தகைய படத்தை அளத்தற்கு நாம் கொள்ளும் உரைகல் இரண்டு. எடுத்துக்கொண்ட பொருளை நீக்கி அவ்விடத்திற் சாதாரண வண்ணத்தை வைத்தால் படம் கூறும் செய்தி கெடுமா என்று வினவுதல் ஒன்று. கெடாதாயின் அப்பொருள் வெறும் விளையாட்டே. ஒவ்வொன்றும் அது இருக்குமிடத்தில் இருத்தற்குக் காரணம் உண்டா என்று வினவுதல் மற்றொன்று. நம் மாணவியின் படம் இரண்டினும் தேறுகிறது. அக்குனிந்த உருவத்தை மையால் வரைந்திருந்தால் அது குனிந்த உருவம் ஒன்றே. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்னும் தொடரால் ஆக்கியதனாலேயே, முதுகை வளைத்தது எது என்பதும் உடன் விளங்குகிறது. முகத்தின் இடத்திற் பற்று வரவுக் கோடுகளை விட்டது வரையத் தெரியாமையாலன்று. அவ்விடத்தில் எதனை வரைந்தாலும் பொய்யாகும் என்று அவர் கண்டமையால்.

பின்னர் நாம் கேட்டறிந்தது இது. அம்மாணவியின் தந்தையார் முப்பதாண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். வீட்டுப் பெட்டியிற் கிடந்த அவருடைய விடுமுறை விண்ணப்பப் படிகளிலிருந்தே அத்தொடர் எடுக்கப்பட்டது. அவர் காட்சிக்கு வந்து, மகளின் படத்தின்முன் நெடுநேரம் நின்று, 'நாள் முத்திரையை வலப்பக்கத்து மேல்மூலையில் வைப்பதே வழக்கம்' என்று மட்டும் சொன்னாராம். குப்பை என்று அவர் கூறவில்லை. தம் வாழ்நாள் முழுவதும் கையாண்ட பொருள்களை அவர் அங்கே அடையாளம் கண்டார்; பிழையொன்றையும் கண்டார். படத்தைப் படமாக மதித்து நோக்கிய முதல் விமர்சகர் அவரே என்று துணிந்து கூறுவோம்.

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய மாணவர்களிற் பெரும்பாலோர் காரியாலயங்களிலேயே தம் காலத்தைக் கழித்தனர், கழிக்கின்றனர். பட்டம் பெற்றபின் மேசையும் கோப்புமே கதி; கலையும் கவிதையும் கல்லூரி வாயிலோடு நின்றன என்று நொந்து எழுதும் பழைய மாணவரின் கடிதங்கள் நமக்கு வருவதுண்டு. அவர்கட்கு நாம் கூற விரும்புவது இதுவே: மேசையின்மீது கிடப்பவை வேலைக்கு மட்டும் உரியன அல்ல. ஒரு தாளும், ஒரு முத்திரையும், நாள்தோறும் எழுதிச் சலித்த ஒரு தொடரும் போதும், உள்ளத்திலுள்ளதைக் கூற. தந்தி இலாகாவில் இருந்தவரும், இரும்பாலையில் வரைந்தவரும், கலைக்கழகத்தின் காரியாலயத்தில் இருந்தவரும் இதற்குச் சான்று. இக்காலத்திற் காரியாலய வேலை பெரும்பாலும் கணிப்பொறித் திரைக்கு மாறிவருகிறது. பேரேடும் கார்பன் காகிதமும் பெட்டிக்குள் ஒடுங்குகின்றன. அவற்றோடு வாழ்ந்தவர்களின் வாழ்வை அவற்றைக்கொண்டே வரைதற்கு இதுவே காலம்.

இம்முயற்சியில் இறங்கும் மாணவர்க்குச் சில எச்சரிக்கைகளும் கூறவேண்டும். பிறருடைய பெயரும் கணக்கும் உள்ள தாள்களை அவரவர் இசைவின்றி எடுத்தலாகாது. ஸ்டேப்பிள் கம்பி ஈரத்திற் துருப்பிடித்துத் தாளைக் கறைப்படுத்தும். ஒட்டும் நாடா நாளடைவில் மஞ்சளித்து உதிரும். முத்திரை மை வெயிலில் வெளிறும். ஆதலின் வெயில் படாத இடத்தில் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்தலும், நாடாவிற்குப் பதிலாக மாவுப் பசையைக் கையாளுதலும் நன்று. இவ்வளவு கவலை எடுத்துக்கொள்ளத் தக்கதாகத் தம் படத்தை ஒருவர் எண்ணுவாராயின், அதுவே அதனைக் குப்பையினின்றும் பிரிக்கும் முதல் அடையாளமாகும்.

கல்லூரித் தலைவர்களுக்கும் காட்சிக் குழுவினர்க்கும் நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. வருகின்ற ஆண்டுக் காட்சியில், 'பல்பொருட் சித்திரம்' என்னும் பிரிவொன்றைப் புதிதாக அமைத்து, விதிகளை முன்கூட்டியே வெளியிடுவாராக. படத்தின் அருகே அதனை ஆக்கியவர் கையாண்ட பொருள்களின் பட்டியலையும் தொங்கவிடுவாராக. காண்போர் நகைப்பதற்குமுன் படித்தற்கு ஏதேனும் இருத்தல் நலம். இப்பிரிவிற் பரிசு பெறத்தக்க படம் ஒன்றும் வாராதாயின் பரிசை நிறுத்திவைக்கவும் செய்யலாம். வாயிலை மட்டும் அடைத்தலாகாது.

அம்மாணவி இவ்வாண்டில் படிப்பை முடித்துச் செல்கிறார். எக்காரியாலயத்தில் எம்மேசையின்முன் அமர்வாரோ அறியோம். எங்கு அமர்ந்தாலும் அவர் வரைதலை விடாதிருப்பாராக. அவர் படத்தைத் தூணின் மறைவில் தொங்கவிட்ட குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. அடுத்த முறை அதனை நடுச்சுவரிற் காண விழைகிறோம்.